தொட்டியில் வைத்த காலை வெளியே எடுத்த மன்னன்: ஜெர்மானிய மக்கள் மதம் மாறியபோது அவர்களின் முன்னோர் என்ன ஆனார்கள்?

பனையோலை (இழையைத் தொடங்கியவர்)

ஃபிரீசிய மன்னன் ராட்போடின் கதையைப் படித்த நாளிலிருந்து அது என் மனத்தை விட்டு அகலவில்லை. இன்றைய நெதர்லாந்தின் கடலோரத்தை ஆண்டவன் அவன், 719இல் இறந்தான். வுல்ஃப்ராம் என்ற ஆயர் அவனிடம் பேசிப் பேசி ஞானஸ்நானத்துக்கு இணங்க வைத்துவிட்டார். மன்னன் ஒரு காலைத் தொட்டிக்குள் வைத்தும் விட்டான். மறு காலைத் தூக்குவதற்கு முன் ஆயரிடம் ஒன்று கேட்டான்: எனக்கு முன் இந்த ஃபிரீசிய மண்ணை ஆண்ட மன்னர்களும் பெருமக்களும் இப்போது எங்கே இருக்கிறார்கள், நீர் சொல்லும் விண்ணுலகிலா, நரகத்திலா? ஆயர் மழுப்பவில்லை. ஞானஸ்நானம் பெறாமல் செத்தவர்கள், ஆகவே அவர்களுக்குத் தண்டனை உறுதி என்றார். ராட்போட் காலை வெளியே எடுத்துவிட்டான். என் முன்னோரின் கூட்டத்தைப் பிரிந்து, யாரோ சில ஏழைகளோடு விண்ணுலகில் உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது என்று சொல்லி முடித்துக்கொண்டான்.

ஜெர்மானிய மக்களிடையே கிறித்தவம் பரவியதைப் பற்றிச் சொல்லும்போது ஒருவர் வாளைக் காட்டுகிறார், இன்னொருவர் அற்புதங்களைக் காட்டுகிறார். இரண்டிலும் எனக்கு நிறைவு இல்லை. தங்கள் பழைய தெய்வங்களான வோடனையும் தோனாரையும் கைவிட அவர்கள் அவ்வளவு தயங்கியதாகத் தெரியவில்லை. செத்துப்போன அப்பனையும் பாட்டனையும் கைவிடத்தான் நெஞ்சு ஒப்பவில்லை என்று நினைக்கிறேன். இதைப் பற்றிப் படித்தவர்கள் எழுதுங்கள். நான் நினைப்பது தவறென்றால் தயங்காமல் சொல்லுங்கள்.

கல்வெட்டு நேசன்

ஐயா, நல்ல இடத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். ஆனாலும் ஓர் எச்சரிக்கை. அந்தக் கதை வடபிரான்சின் ஃபோந்தனெல் மடத்தில் எழுதப்பட்ட புனித வுல்ஃப்ராமின் வரலாற்றில் வருகிறது. மன்னன் இறந்து இரண்டு மூன்று தலைமுறைகள் கழிந்த பிறகு எழுதியது. கண்ணால் கண்டவர் எழுதி வைத்த குறிப்பாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

ராட்போட் மறுத்ததற்குக் கண்முன்னே வேறு காரணமும் இருந்தது. வட இங்கிலாந்தின் நார்த்தம்பிரியாவில் பிறந்து, 690இல் அயர்லாந்திலிருந்து கடல் தாண்டி வந்த வில்லிப்ரோர்ட், பிராங்கியத் (இன்றைய பிரான்சு நிலத்தை ஆண்ட ஜெர்மானிய இனத்தார்) தலைவன் பிப்பினின் ஆதரவில்தான் உட்ரெக்டில் ஆயரானார். பிராங்கியப் படை எங்கே போனதோ அங்கேதான் தேவாலயமும் போனது. 714இல் பிப்பின் செத்ததும் ராட்போட் போதகர்களைத் துரத்திவிட்டு இழந்த நிலத்தை மீட்டான். அந்தத் தொட்டித் தண்ணீரில் இறங்குவது பிராங்கியருக்கு அடங்குவது என்றுதான் அவனுக்குப் பட்டிருக்கும்.

வாளைச் சற்று ஒதுக்கிவிட்டீர்கள் என்பதும் என் குறை. வடஜெர்மனியின் சாக்சனியரிடம் பிராங்கிய மன்னன் சார்லமேன் செய்ததை மறக்கக் கூடாது. 772இல் அவர்கள் வணங்கிய இர்மின்சூல் தூணை வெட்டிச் சாய்த்தான். 782இல் வெர்டனில் ஒரே நாளில் 4,500 பேரின் தலையை வெட்டியதாகப் பிராங்கிய அரச ஆண்டுக்குறிப்பே எழுதி வைத்திருக்கிறது. எண்ணிக்கையில் மிகை இருக்கலாம் என்று சொல்வோர் உண்டு. நடந்தது கொலை என்பதில் ஐயமில்லை. 785இல் சாக்சனியத் தலைவன் விடுகிண்ட் அத்திஞி என்ற ஊரில் ஞானஸ்நானம் பெற்றான். போர் அதோடும் ஓயவில்லை, 804 வரை இழுத்தது. ஞானஸ்நானம் பெறாமல் ஒளிந்தால் மரண தண்டனை, தவக்காலத்தில் கிறித்தவத்தை இகழும் எண்ணத்தோடு இறைச்சி தின்றால் மரண தண்டனை என்று சட்டம் போட்டிருந்தான். இதில் பாட்டனைப் பற்றிய கவலை எங்கே வருகிறது?

பனையோலை

அதே சட்டத்திலிருந்தே பதில் சொல்கிறேன். இறந்தவரின் உடலைப் பழைய முறைப்படி எரித்து எலும்பைச் சாம்பலாக்கினாலும் மரண தண்டனை என்று அதில் ஒரு விதி இருக்கிறது. கிறித்தவச் சாக்சனியரின் உடல்களைத் தேவாலயக் கல்லறைக்கே கொண்டுபோக வேண்டும், பழைய மக்களின் புதைமேடுகளுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று இன்னொரு விதி. ஒரு பெருமன்னன் படையோடு வந்து, பிணத்தை எங்கே புதைப்பது என்று சட்டம் போடுகிறான். எதற்காக? தண்ணீர் தெளித்த பிறகும் மக்கள் செத்தவர்களைத் தூக்கிக்கொண்டு பாட்டன் படுத்திருக்கும் மேட்டுக்கே போனார்கள். வாள் யாரை மிரட்டியது என்று பார்த்தால், அங்கேயும் முன்னோர்தான் நிற்கிறார்கள்.

ராட்போட் கதை பிற்காலத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுதியவர்கள் துறவிகள். தங்கள் ஆயர் தோற்றுப்போன கதையை அவர்கள் ஏன் எழுத வேண்டும்? அந்தக் கேள்வி ஊருக்கு ஊர் அவர்கள் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வடகடல்

நான் சுவீடனில் வேலை பார்க்கிறேன். உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் வெள்ளிச் சுவடி எனப்படும் கோத்திய மொழி விவிலியத்தைப் பார்த்த நாளை மறக்க மாட்டேன். ஊதாச் சாயம் தோய்த்த தோல் ஏடு. அதில் வெள்ளி மையால் எழுத்துகள், இடையிடையே பொன் மையால் சில வரிகள். கிட்டத்தட்ட 1,500 ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில், அநேகமாகக் கோத்தியர் என்ற ஜெர்மானிய இனத்தாரின் மன்னன் தியோடரிக்கின் ரவென்னா நகரில், படியெடுத்தது. 336 ஏடுகளில் 188தான் மிஞ்சியிருக்கின்றன. அதில் ஒன்று 1970இல் ஜெர்மனியின் ஸ்பையர் பேராலயத்தில் கிடைத்தது. அந்த மொழியைப் பேச இன்று ஒருவரும் இல்லை. "அத்தா உன்சர்" என்று தொடங்கும் அந்த வேண்டுதலை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். "எங்கள் அப்பா" என்று பொருள். நெஞ்சு கனத்துவிட்டது.

அந்த விவிலியத்தைக் கோத்திய மொழிக்குக் கொண்டுவந்தவர் 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வுல்ஃபிலா. அவருடைய முன்னோர் கோத்தியர் அல்லர். கோத்தியர் இன்றைய துருக்கியிலுள்ள கப்படோக்கியாவைச் சூறையாடியபோது பிடித்து வந்த கிறித்தவக் கைதிகள். இந்தச் செய்தியை நாம் போதிய அளவு பேசுவதில்லை. ஜெர்மானியரிடம் கிறித்தவம் முதலில் போர்க்கைதிகளின் வீட்டு வழிபாடாகத்தான் நுழைந்தது. அடிமையின் நம்பிக்கை ஆண்டான் வீட்டுக்குள் போயிற்று. அந்த மொழியில் நூல் எழுத ஏற்ற எழுத்து இல்லாததால், கிரேக்கத்தை அடிப்படையாக வைத்து வுல்ஃபிலா எழுத்தையே உருவாக்கினார். அரசர்கள் நூல்களை மட்டும் மொழிபெயர்க்காமல் விட்டாராம். கோத்தியருக்கு ஏற்கெனவே போர் வெறி அதிகம், அதற்குத் தூபம் போடக் கூடாது என்று. இதைச் சொல்பவர் ஃபிலஸ்டார்ஜியுஸ் என்ற பழைய வரலாற்றாசிரியர்.

இன்னொரு கோத்தியர் சபா. ஊர்த் தலைவர்கள் கிறித்தவர்களைப் பிடிக்க, படையல் இறைச்சியை எல்லாரும் தின்ன வேண்டும் என்று கட்டளையிட்டார்கள். சபாவின் ஊர்க்காரர்கள் பழைய வழியில் நின்றவர்கள். ஆனாலும் தங்கள் உறவினரான கிறித்தவர்களைக் காப்பாற்ற, படைக்காத இறைச்சியை வைத்து அதிகாரிகளை ஏமாற்றிவிடலாம் என்று திட்டம் போட்டார்கள். சபா அதற்கும் உடன்படவில்லை. நான் கிறித்தவன் என்று வெளிப்படையாகச் சொன்னார். 372இல் இன்றைய ருமேனியாவின் புசாவு ஆற்றில் அவரை மூழ்கடித்துக் கொன்றார்கள். அவருடைய உறுதியை எல்லாரும் போற்றுகிறார்கள். எனக்கு அந்த ஊர்க்காரர்கள்தான் கண்ணில் நிற்கிறார்கள். மதம் வேறாகிவிட்டது, ரத்தம் வேறாகவில்லை என்று நினைத்தவர்கள் அவர்கள்.

புதுவாசகன்

ஒரு சிறு ஐயம். இந்தக் கோத்தியர்களை 'ஆரியக் கிறித்தவர்கள்' என்று ஒரு நூலில் படித்தேன். ஆரிய இனத்தோடு இதற்குத் தொடர்பு உண்டா?

கல்வெட்டு நேசன்

எந்தத் தொடர்பும் இல்லை, தம்பி. அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்றொரு குரு இருந்தார். மகனான கிறிஸ்து தந்தையாகிய கடவுளுக்குச் சமமானவர் அல்லர், தந்தையால் உண்டாக்கப்பட்டவர் என்று போதித்தார். 325இல் நிக்கேயாவில் கூடிய ஆயர்களின் சங்கம் அதைத் தவறென்று தள்ளியது. ஆனாலும் அதை ஒட்டிய கருத்துகள் பேரரசில் செல்வாக்கோடு இருந்த காலத்தில்தான் வுல்ஃபிலா ஆயரானார். கோத்தியர், வாண்டல்கள் எல்லாம் அந்த வழியைப் பிடித்துக்கொண்டார்கள். ரோமானியக் குடிமக்கள் நிக்கேயா வழி, ஆளும் ஜெர்மானியர் ஆரியுஸ் வழி என்று ஒரே நகரில் இரண்டு திருச்சபைகள் இருந்தன. ஸ்பெயினில் மன்னன் ரெக்கரெட் 587இல் கத்தோலிக்கனாகி, 589இல் தொலேதோ சங்கத்தில் அதை அறிவிக்கும் வரை இந்தப் பிரிவு அங்கே நீடித்தது. குழப்பம் வராமல் இருக்க 'ஆரியுஸ் கொள்கை' என்று எழுதுவதே நல்லது.

செம்பருத்தி

இவ்வளவு பேசியும் ஒரு பெண்ணின் பெயர்கூட வரவில்லையே! பிராங்கிய மன்னன் குளோவிஸின் மனைவி குளோட்டில்டா பர்கண்டிய இளவரசி, கத்தோலிக்கர். மூத்த மகன் இங்கோமருக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் செய்தார். ஞானஸ்நான வெள்ளை உடை களையும் முன்பே பிள்ளை இறந்துவிட்டான். என் தெய்வங்களின் பெயரில் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று குளோவிஸ் மனைவியைக் கடிந்துகொண்டான். அடுத்த பிள்ளை குளோடமர் பிறந்தான். அந்தத் தாய் மறுபடியும் ஞானஸ்நானம் கொடுக்கச் செய்தார். அவனும் நோயில் விழுந்தான். இவனும் அண்ணன் வழியே போவான் என்றான் கணவன். குளோட்டில்டா மன்றாடினார், பிள்ளை பிழைத்தான்.

இதையெல்லாம் எழுதிய தூர் நகர ஆயர் கிரகோரி குளோவிஸ் இறந்த பிறகே பிறந்தவர். விவரங்கள் அப்படியே நடந்தனவா என்று கேட்கலாம். ஆனால் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த பிறகு இரண்டாவது பிள்ளையையும் அதே தொட்டிக்குக் கொண்டுபோன தாயை நினைத்தால் எனக்கு உடம்பு நடுங்குகிறது. போர்க்களத்தில் குளோவிஸ் வேண்டிக்கொண்டதும், ரைம்ஸில் ஆயர் ரெமிஜியுஸ் கையால் ஞானஸ்நானம் பெற்றதும், அவனோடு 3,000 வீரர்கள் பெற்றதும் பாடநூலில் வந்துவிட்டன. தொட்டிலருகே நடந்த அந்தச் சண்டை வரவில்லை.

இங்கிலாந்தின் கென்டிலும் இதே கதைதான். 597இல் ரோமிலிருந்து அகஸ்டின் வந்து இறங்கும் முன்பே, மன்னன் எதல்பெர்ட்டின் மனைவி பெர்த்தா கேன்டர்பரியில் புனித மார்ட்டின் ஆலயத்தில் வழிபட்டுக்கொண்டிருந்தார். பிராங்கிய இளவரசியான அவர் தம்மோடு ஓர் ஆயரையும் அழைத்து வந்திருந்தார்.

பனையோலை

செம்பருத்தி அம்மா, என் குறையைச் சுட்டிக்காட்டியதற்கு நன்றி. குளோவிஸைப் பற்றி நீங்கள் எழுதியதும் வியன் நகர ஆயர் அவிட்டுஸ் அவனுக்கு எழுதிய வாழ்த்துக் கடிதம் நினைவுக்கு வந்தது. மதம் மாறும்படி சொன்னால் பலரும் குல வழக்கத்தையும் முன்னோர் மரபையும் காரணம் காட்டித் தப்பித்துக்கொள்கிறார்கள். நீயோ உன் பழைய வம்ச வரிசையிலிருந்து உயர்குடிப் பெருமையை மட்டும் வைத்துக்கொண்டு, இனி வரும் வழித்தோன்றலுக்கு நீயே தொடக்கமாக இருக்க விரும்பினாய் என்ற பொருளில் எழுதுகிறார். இது அந்தக் காலத்திலேயே எழுதிய கடிதம். குளோவிஸ் எதை விட்டுக்கொடுத்தான் என்று அந்த ஆயருக்குத் தெரிந்திருக்கிறது.

தறியோசை

இவ்வளவு நெகிழ வேண்டாம் என்று நினைக்கிறேன். கணக்குப் பார்த்து மாறியவர்களும் ஏராளம். இங்கிலாந்தின் பழைய வரலாற்றாசிரியர் பீட் 731இல் முடித்த வரலாற்று நூலைப் பாருங்கள். நார்த்தம்பிரிய மன்னன் எட்வின் சபையைக் கூட்டிக் கருத்துக் கேட்கிறான். தலைமைப் பூசாரி கொய்ஃபி எழுந்து சொல்வது என்ன? நம் தெய்வங்களுக்கு என்னைவிட உண்மையாய் ஊழியம் செய்தவன் இல்லை, ஆனால் மன்னரிடம் என்னைவிட அதிகமாகப் பெற்றவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆகவே இந்தத் தெய்வங்களால் பயனில்லை. பிறகு பூசாரிக்கு விலக்கான ஆண்குதிரையில் ஏறி, விலக்கான ஈட்டியைக் கையில் பிடித்துப் போய்க் கோயிலுக்குள் எறிந்தார். எட்வின் 627 ஈஸ்டர் நாளில் யார்க்கில் ஞானஸ்நானம் பெற்றான்.

வின்செஸ்டர் ஆயர் டேனியல், இங்கிலாந்திலிருந்து போய் ஜெர்மனியில் ஊழியம் செய்த போனிபாஸுக்கு எழுதிய கடிதமும் அப்படித்தான். அவர்களுடைய தெய்வங்களின் வம்ச வரிசையை மறுத்துப் பேசாதே. பிறந்தவர்கள் என்று அவர்களே சொல்லட்டும், பிறந்தவர் எப்படிக் கடவுளாவார் என்று அப்புறம் கேள் என்கிறார். எண்ணெயும் திராட்சை ரசமும் விளையும் நாடுகள் கிறித்தவர் கையில் இருக்க, உறைபனி நிலம் மட்டும் ஏன் உங்கள் தெய்வங்களுக்கு மிஞ்சியது என்றும் கேட்கச் சொல்கிறார். போனிபாஸ் கைஸ்மாரில் தோனாரின் கருவாலி மரத்தை வெட்டியதும் இதே வாதம்தான், கோடரியால் செய்தது. மின்னல் விழவில்லை, அந்த மரத்தாலேயே பேதுரு பெயரில் ஓர் ஆலயம் கட்டினார். எந்தத் தெய்வத்துக்கு வலிமை அதிகம் என்று பார்த்தார்கள், மாறினார்கள்.

செம்பருத்தி

தறியோசை, அதே சபையில் கொய்ஃபிக்கு அடுத்துப் பேசியவரை விட்டுவிட்டீர்களே. குளிர்காலம். மன்னர் தம் வீரர்களோடு விருந்துண்கிறார். நடுவில் நெருப்பு எரிகிறது, வெளியே மழையும் பனியும் வீசியடிக்கின்றன. ஒரு குருவி ஒரு வாசல் வழியே பறந்து வந்து மறு வாசல் வழியே போய்விடுகிறது. உள்ளே இருக்கும் அந்தக் கணம் மட்டும் அதற்குக் குளிர் இல்லை. மனித வாழ்வும் அதைப் போன்றதே. முன்பு என்ன இருந்தது, பின்பு என்ன வரும் என்று நமக்குத் தெரியவில்லை. இந்தப் புதிய போதனை அதைப் பற்றி உறுதியாக ஏதாவது சொல்லுமானால் கேட்கத் தகும் என்றார் அவர். இவர் கணக்குப் பார்த்தவரா?

தறியோசை

இல்லை. அதை விட்டது என் தவறு. ஆனால் ஒன்று சொல்வேன்: அந்தக் குருவி எந்த இருட்டுக்குள் போயிற்றோ அங்கேதான் அவருடைய அப்பாவும் இருக்கிறார். இறப்புக்குப் பின் என்ன என்று கேட்டவர் தம்மைப் பற்றி மட்டும் கேட்டிருக்க மாட்டார். பனையோலை ஐயா சொல்வதன் பக்கம் நானே வந்து நிற்கிறேன் போலிருக்கிறது.

கல்வெட்டு நேசன்

இங்கேதான் கிளெமென்ட் என்ற அயர்லாந்துக்காரரைச் சொல்ல வேண்டும். பிராங்கிய நாட்டில் போதித்துக்கொண்டிருந்தார். கிறிஸ்து பாதாளத்தில் இறங்கியபோது அங்கிருந்த எல்லாரையும் விடுவித்துவிட்டார், நம்பியவர், நம்பாதவர், சிலை வணங்கியவர் என்று பாராமல் அத்தனை பேரையும் மீட்டார் என்பது அவருடைய போதனைகளில் ஒன்று. போனிபாஸ் அவர்மேல் ரோமுக்கு முறையிட்டார். 745இல் போப் சகரியாஸ் கூட்டிய சங்கம் கிளெமென்ட்டைத் தள்ளிவைத்தது. வேறு குற்றச்சாட்டுகளும் உண்டு: மனைவி, இரண்டு பிள்ளைகள், திருச்சபைத் தந்தையரின் நூல்களை மறுத்தது. அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் எதிரிகள் எழுதியது மட்டுமே.

முன்பு இதை ஒரு சமயக் கோட்பாட்டுச் சண்டை என்றுதான் படித்தேன். இந்த இழையைப் படித்த பிறகு மறுபடி எடுத்துப் பார்த்தேன். ராட்போட் கேட்ட கேள்விக்கு அந்த மனிதரிடம் வேறு விடை இருந்தது. அது மக்களிடம் எடுபட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இல்லையென்றால் போனிபாஸ் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டார்.

போனிபாஸைக் கல்நெஞ்சர் என்று நான் சொல்லவில்லை. சாக்சனியர் மனம் மாற வேண்டும் என்று ஆங்கிலேயருக்கு அவர் எழுதிய கடிதத்தில், நாம் ஒரே ரத்தம், ஒரே எலும்பு என்று அவர்களே சொல்கிறார்கள் என்று உருகுகிறார். சொந்த இனத்தின்மேல் அவருக்கு அவ்வளவு பாசம். 754இல் டொக்கும் அருகே ஃபிரீசியர் கையாலேயே கொல்லப்பட்டார்.

வடகடல்

டென்மார்க்கில் யெல்லிங் ஊருக்கும் போயிருக்கிறேன். இரண்டு பெரிய மண்மேடுகள், நடுவில் சிறிய வெள்ளைத் தேவாலயம், வாசலருகே கல். என் தகப்பன் கோர்ம், தாய் தைரா நினைவாக நிறுத்தினேன், டென்மார்க் முழுவதையும் நார்வேயையும் வென்றேன், டேனியரைக் கிறித்தவராக்கினேன் என்று டேனிய மன்னன் ஹரால்டு நீலப்பல்லன் பழைய வடநாட்டு ரூன் எழுத்தில் பொறித்திருக்கிறான். 965 அளவில் மதம் மாறியவன்.

வடக்கு மேட்டுக்குள் மரத்தால் ஆன புதைகுழி அறை இருக்கிறது. மர வளையங்களை எண்ணியதில் 958-959 அளவில் வெட்டிய மரம் என்று தெரிந்தது. 1820இல் அதைத் திறந்தபோது உள்ளே உடல் இல்லை. 1970களில் தேவாலயத் தரைக்கடியில் தோண்டினார்கள். அங்கே ஓர் ஆணின் எலும்புகள், முன்பே சதை அழிந்து கலைந்த நிலையில், வேறிடத்திலிருந்து கொண்டுவந்து வைத்தாற்போலக் கிடைத்தன. அவை கோர்மின் எலும்புகள், மகன்தான் மேட்டிலிருந்து எடுத்துப் பலிபீடத்தருகே வைத்தான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள், மறுப்பவர்களும் உண்டு. அங்கே நான் நின்றபோது மழை தூறிக்கொண்டிருந்தது. மேட்டுக்கும் தேவாலயத்துக்கும் இடையே சில அடிகள்தான் நடை. ராட்போடால் எடுத்து வைக்க முடியாத அடியை இந்த மகன் தகப்பனைச் சுமந்துகொண்டு எடுத்து வைத்திருக்கிறான் என்று தோன்றியது.

பனையோலை

வடகடல், இதைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத ஓடவில்லை.

நான் கடைசியாகச் சேர்க்க நினைத்தது ஒன்று இருக்கிறது. சாக்சனியர் ஞானஸ்நானத்தின்போது சொல்ல வேண்டிய உறுதிமொழி ஒன்று அவர்கள் மொழியிலேயே ஏட்டில் மிஞ்சியிருக்கிறது. சாத்தானை விட்டாயா என்று கேட்பார்கள். துனாரையும் (தோனார்தான்) வோடனையும் சாக்ஸ்னோட்டையும் அவர்களோடு சேர்ந்த பேய்கள் அனைத்தையும் விட்டேன் என்று சொல்ல வேண்டும். கடலுக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்திலும் சாக்சனியர்தான் இருந்தார்கள். அங்கே எசெக்ஸ் அரசர்களின் வம்சப் பட்டியலைக் கிறித்தவக் குருமார் எழுதினார்கள். அதன் தலையில் யார் இருக்கிறான் தெரியுமா? அதே சாக்ஸ்னோட். ஒரு கரையில் பேய், மறு கரையில் பாட்டன்.

வோடனும் அப்படியே தப்பினான். கென்ட் அரசர்கள் முதல் பல அரச குடும்பங்களுக்கு அவன்தான் மூதாதை என்று பீட் எழுதுகிறார், அவர் துறவி. ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பில் 855ஆம் ஆண்டின் கீழ் வெசெக்ஸ் மன்னன் எதல்வுல்ஃபின் வம்சம் வருகிறது. இன்னார் மகன் இன்னார் என்று பின்னோக்கிப் போகிறது, வோடனைத் தொடுகிறது, அங்கே நிற்காமல் அவனுக்கும் அப்பன், பாட்டன் என்று மேலேறுகிறது. கடைசியில் நோவாவின் பேழைக்குள் பிறந்த ஒரு மகன் வருகிறான். விவிலியத்தில் நோவாவுக்கு மூன்றே பிள்ளைகள். சேம், காம், யாப்பேத்து. மூவரும் வெள்ளத்துக்கு முன்பே பிறந்தவர்கள். தங்கள் பாட்டன்மாரை ஏற்றுவதற்காக, அந்தப் பேழைக்குள்ளேயே நான்காவதாக ஒரு பிள்ளையைப் பிறக்க வைத்திருக்கிறார்கள். அவனிடமிருந்து நோவா, லாமேக்கு, மெத்தூசலா, ஏனோக்கு, சேத்து என்று போய், முதல் மனிதன் ஆதாமில் முடிகிறது.